மடியில் கனம், வழியில் பயமில்லை

ஹட்டன் பஸ் நிலையத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் புறப்படும் பொகவந்தலாவை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டது என்று ஒருவர் சந்தோஷப்பட்டால், அவர் ஊருக்குப் புதியவர். எங்கள் பக்கத்தில் சீட்டு என்பது உட்காருகிறவருடைய சுகத்துக்காக ஏற்பட்டதல்ல. நிற்கிறவர்களின் சாமான்களுக்கு மடி வேண்டும். மடி உண்டாக வேண்டுமென்றால் யாராவது உட்கார வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சீட்டு, அதற்காகத்தான் நீங்கள்.

நிற்கிறவர் வாய் திறந்து கேட்கமாட்டார். அது மரியாதையில்லை. உட்கார்ந்திருப்பவர்தான் முந்திக்கொண்டு, "பேக்கக் குடுங்க, நான் வச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையின் அழகை ரசிப்பதாகப் பாவனை செய்யலாம். ஆனால் டிக்கோயா தாண்டுவதற்குள் இருட்டிவிடும். இருட்டில் என்ன தேயிலை, என்ன அழகு? பஸ் முழுவதும் உங்களைப் பார்க்கத் தொடங்கும். நீங்களாகவே கையை நீட்டிவிடுவீர்கள்.

ஒரு பை வாங்கினால் கதை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. மடி திறந்திருக்கிறது என்ற செய்தி பஸ்ஸுக்குள் பரவிவிடும். பள்ளிக்கூடப் பை, அதன் மேல் பத்துக் கிலோ கோதுமை மாவு, அதன் மேல் லீக்ஸ் கட்டு, லீக்ஸின் பச்சை வாலுக்குப் பின்னால் மூச்சுக்குத் தவிக்கும் உங்கள் மூக்கு. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று சொல்லிவைத்த பெரியவர் எங்கள் பஸ்ஸில் ஏறியதில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய வளைவுகளில் பஸ் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அசையாமல் இருப்பவர் மடியில் மாவு மூட்டை உள்ளவர் மட்டுமே. கனமில்லாதவர்தான் பயந்து கம்பியைத் தேடுகிறார்.

ஒரு தடவை யாரோ கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகும் சுவர்க் கடிகாரத்தை என்னிடம் தந்தார்கள். வர்ணத் தாள் சுற்றி, ரிப்பன் கட்டியிருந்தது. கடைக்காரர் பேட்டரி போட்டுச் சோதித்துவிட்டு அதைக் கழற்ற மறந்திருக்கிறார். கால் மணிக்கொரு முறை என் மடி பாடியது. முதல் முறை எல்லோரும் என் கைத்தொலைபேசி என்று நினைத்து, "எடுத்துப் பேசுங்க, அவசரமா இருக்கும்" என்றார்கள். இரண்டாம் முறை, நான் யாருடைய அழைப்பையோ வேண்டுமென்றே தவிர்க்கிறேன் என்ற முடிவுக்கு வந்தார்கள். பக்கத்திலிருந்த பெரியவர் மெதுவாக, "வீட்டுல சண்டையா தம்பி?" என்று கேட்டார். மூன்றாம் முறை பாட்டு வந்தபோது, குடும்பம் என்றால் விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும் என்பது பற்றி எனக்கு நோர்வூட் வரை ஆலோசனை கிடைத்தது. கடிகாரத்தின் சொந்தக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் நின்றார். அவரும் ஓர் ஆலோசனை சொன்னார்.

சாமானைத் திருப்பிக் கொடுப்பது இதைவிடப் பெரிய கலை. சொந்தக்காரர் முன்வாசலில் இறங்கி, சன்னலுக்குக் கீழே நின்று, "அந்த ரோஸ் கலர் பேக்க அனுப்புங்க!" என்று கத்துவார். பை தலைகளுக்கு மேலாகக் கைமாறி வெளியே போகும். உதவி செய்யும் வேகத்தில் நிறமெல்லாம் யார் பார்க்கிறார்கள்? என் பை இப்படி ஒருநாள் எனக்கு முன்பே டிக்கோயாவில் இறங்கிவிட்டது. மறுநாள் அதே கொண்டக்டர் அதைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே இருந்தவையெல்லாம் அப்படியே இருந்தன. அதிகப்படியாக நாலு பீட்ரூட்டும் இருந்தன. யாரோ ஒருவர், பை மாறிவந்ததற்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார். அல்லது பீட்ரூட் வேறொருவருக்குப் போக வேண்டியதாக இருக்கும். விசாரிக்காமல் சமைத்துவிட்டோம்.

சீட்டு விஷயத்தில் எழுத்தில் உள்ள விதிகளும் உண்டு. முன்சீட்டு மதகுருமாருக்கு, அடுத்தது கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று பஸ்ஸிலேயே எழுதியிருப்பார்கள். காவியுடை தெருமுனையில் தெரிந்ததுமே முன்சீட்டுக்காரர் எழுந்துவிடுவார். மழைநாளொன்றில் மங்கலாகத் தெரிந்த காவி, பஸ் நின்றபோது ஆரஞ்சு நிற மழைக்கோட்டுப் போட்ட ரோட்டு வேலைக்காரராக ஏறியது. எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். பணிவாக விட்டுக்கொடுத்த இடத்தை எப்படித் திரும்பக் கேட்பது? மழைக்கோட்டுக்காரரும் நிலைமையைப் புரிந்துகொண்டு உட்கார்ந்தார். இறங்கும்வரை அவர் முகத்தில் ஒரு சாந்தம் இருந்தது. யாராவது கேட்டிருந்தால் ஆசீர்வாதமே செய்திருப்பார்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. உடைமைகள் பத்திரம் என்று படித்துவிட்டு வருகிறார்கள். சிவனொளிபாதமலைக்குப் போகும் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் முதுகில் வீடு அளவு பையோடு எங்கள் பஸ்ஸில் ஏறினான். சீட்டில் இருந்த ஓர் அக்கா ஒன்றும் பேசாமல் அந்தப் பையின் பட்டியைப் பிடித்து இழுத்தார். அவன் இறுக்கிப் பிடித்தான். அவர் இன்னும் இழுத்தார். தினமும் கொழுந்து பறித்துக் கூடை சுமக்கும் கை அது, விட்டுவிடுமா? அவன் முகத்தில் திருட்டுப் பயம், அவர் முகத்தில் 'என்ன பிள்ளை இது, மரியாதை தெரியாமல்' என்ற கோபம். கடைசியில் பை அக்காவின் மடிக்குப் போனது. கை வெறுமையாகிவிட்ட அவனைப் பார்த்து இன்னொரு தாய்க்கு ஒரு யோசனை. தன் கைக்குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பையன் குழந்தையையும் தாயையும் மாறிமாறிப் பார்த்தான். தன் பையை ஊர்பேர் தெரியாதவரிடம் கொடுக்கத் தயங்கியவனிடம், ஊர்பேர் தெரியாதவர் குழந்தையைக் கொடுத்துவிட்டார். நோர்வூட் வரும் முன்பே அவன் அதற்குத் தாலாட்டு மாதிரி ஏதோ பாடிக்கொண்டிருந்தான். குழந்தை தூங்கவில்லை, அவன் தாடியைப் பிடித்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தது.

இத்தனை வருடத்தில் நான் கண்டறிந்தது ஒன்றே ஒன்று. எங்கள் மலைநாட்டில் உதவி செய்வது சுலபம். யாரும் செய்யலாம், எல்லோரும் செய்கிறார்கள். உதவியை வாங்கிக்கொள்வதுதான் கஷ்டம். அதற்கு உடம்பில் பலம் வேண்டும்.

நம்பாதவர்கள் கினிகத்தேனை வளைவுகளில் கண்ணை மூடிப் பாருங்கள். கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸில் நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"தம்பிக்குத் தல சுத்துது போல" என்றது பின்சீட்டு.

"இல்லம்மா, தூக்கம்."

"ஆரம்பத்துல அப்பிடித்தான் இருக்கும்."

அடுத்த வளைவுக்குள் வைத்தியசபை கூடிவிட்டது. ஒருவர் கையில் தேசிக்காயைத் திணித்தார். ஒரு சிங்கள அம்மா கைப்பையைத் திறந்து சித்தாலேப டப்பியை எடுத்து, என் நெற்றிப் பொட்டு, மூக்கின் இரு பக்கம், தொண்டைக்குழி, பிடரி என்று பாகுபாடில்லாமல் பூசினார். கண்ணில் நீர் வழிந்தது. "பாவம், அழுறாரு" என்றார் ஒரு முஸ்லிம் நானா. தோடம்பழத் தோலை மூக்கருகே பிடிக்க ஒருவர், கைக்குட்டையால் விசிற ஒருவர். "வெளியே பார்க்காதீங்க, சுத்தும்" என்று ஒரு கட்சி. "வெளியே பாருங்க, சுத்தாது" என்று இன்னொரு கட்சி. பின்னாலிருந்த இளைஞன் மட்டும் ஒன்றும் பேசாமல், பொலித்தீன் பையை விரித்து என் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டே வந்தான். கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தான். இன நல்லிணக்கத்துக்காக நட்சத்திர ஹோட்டல்களில் மாநாடு கூட்டுகிறவர்கள் வீணாகச் செலவழிக்கிறார்கள். மலை ஏறும் பஸ்ஸில் ஒருவருக்கு வாந்தி வரப்போகிறது என்று சொன்னால் போதும். மூன்று இனமும் ஒரே நிமிடத்தில் ஒன்றுபட்டுவிடும். வட்டவளை வரும்போது, இத்தனை பேர் பாடுபட்டதற்காகவாவது கொஞ்சம் வாந்தி எடுத்துவிடலாமா என்று எனக்கே தோன்றிவிட்டது. வரவில்லை. அந்த இளைஞன் பையை மடித்து வைத்துக்கொண்டபோது அவன் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை நான் மறக்கமாட்டேன்.

கோச்சியில் உதவி வேறு ரகம். பஸ்ஸில் அது மடியில் வந்து உட்காரும். கோச்சியில் அது எதிரில் உட்கார்ந்து பேசும். 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் போய்ச் சேர்ந்த இந்த ரயில் பாதையில், அன்று முதல் வழிகாட்டிகளுக்குப் பஞ்சமே இருந்திருக்காது. மூன்றாம் வகுப்பில் தலைநரைத்த மாமா ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு ஆங்கிலம் பத்துப் பதினைந்து சொல் தெரியும். அது போதும் என்பது அவர் எண்ணம். "தட், வாட்டர்ஃபால். திஸ், டீ" என்று தொடங்குவார். இது தேயிலை என்று தெரிந்துதான் எதிரிலிருக்கும் வெளிநாட்டுப் பெண் பல்லாயிரம் மைல் பறந்து வந்திருக்கிறாள் என்றாலும், முதன்முதலாகக் கேள்விப்படுவதுபோலத் தலையாட்டுவாள். அங்கே யார் யாருக்கு உதவுகிறார் என்று சொல்வது கடினம்.

கதவோரம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு படம் பிடிப்பவர்கள்தான் மாமாவுக்குப் பெரிய பொறுப்பு. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம் வருகிறது. அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. மலைநாட்டு ரயில் பாதைச் சுரங்கங்களில் அதுதான் ஆக நீளம். அது வருவதற்கு முன்பே பெட்டி முழுவதும் பதறத் தொடங்கும். "உள்ள வாங்க!" "எதுளட்ட என்ன!" "கம் இன், கம் இன்!" என்று மூன்று மொழிகளிலும் கூவி, சட்டையைப் பிடித்து இழுத்து, உள்ளே போட்டுவிட்டுத்தான் ஓய்வார்கள். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் வழக்கப்படி எல்லோரும் 'ஹூ' என்று ஊளையிடுவார்கள். இப்போதுதான் காப்பாற்றப்பட்ட பெண்ணுக்கு, எவ்வளவு பெரிய அபாயம் இருந்தால் இத்தனை பேர் இப்படி அலறுவார்கள் என்று உடம்பு நடுங்கும். வெளிச்சம் வந்ததும் ஆளுக்கொரு வடை கொடுத்துத் தேற்றுவார்கள்.

அந்த வடை ஒருநாள் பெரிய விவகாரத்தில் கொண்டுவிட்டது. கோச்சி வடை அநேகமாகப் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் சுற்றி வரும். என் பங்குக்கு வந்தது ஒரு பிள்ளையின் கணக்குத் தாள். 6 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பது கேள்வி. பிள்ளை 4 நாள் என்று எழுதியிருந்தது. மேலே சிவப்பு மையில் பிழை போட்டிருந்தார்கள். மாமா விரல்விட்டு எண்ணினார். எதிர்ப்பக்கத்து அக்கா எண்ணினார். வடைக்காரரே கூடையை இறக்கிவைத்துவிட்டு எண்ணினார். எப்படி எண்ணினாலும் 4தான் வந்தது. பெட்டி கொதித்தது. பிள்ளையின் பேர் தெரியாது, ஊர் தெரியாது, பள்ளிக்கூடம் தெரியாது; ஆனாலும் பிள்ளைக்கு மார்க்கு போனது போனதுதானே! வெளிநாட்டுப் பயணி ஒருவர் எஞ்சினியர் என்று தெரியவந்ததும் தாள் அவரிடம் மேல்முறையீட்டுக்குப் போனது. அவர் எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டு ஆராய்ந்து, பிள்ளை சொன்னதே சரி என்று தீர்ப்பளித்தார். மாமா தன் பேனாவால் சிவப்புப் பிழையை வெட்டி, பெரிதாக ஒரு சரி போட்டார்.

மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பழைய கங்காணி ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க நாலு நாள்? பதினஞ்சு பேர ஒரே மலையில உட்டா ஆளுக்குக் கொழுந்து போதாது. எல்லாருக்கும் அரப்பேருதான் விழும்" என்றார். அரை நாள் சம்பளம் வாங்கிப் பழகிய பெட்டிக்கு அந்த விடை நன்றாகவே புரிந்தது. எஞ்சினியருக்கு மொழிபெயர்க்க முயன்ற மாமாவின் பதினைந்து சொல்லும் அங்கே தீர்ந்துபோயின.

கங்காணி என்றதும் ஞாபகம் வருகிறது. தெமோதரையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பதுளைக்குப் போகும் கோச்சி ஸ்டேஷனைத் தாண்டி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. இந்த உயரத்தை எப்படி இறக்குவது என்று பொறியியலாளர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்து யோசனை வந்ததாம். இது எங்கள் ஊர்க் கதை. ஆதாரம் கேட்காதீர்கள், எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் உதவி செய்ய நினைக்கவே இல்லை. தலைக்குக் குளிர் என்று துணியைக் கட்டினார், அவ்வளவுதான். எங்கள் ஆட்களின் உதவிகளிலேயே எதிராளிக்குத் தொந்தரவில்லாமல் முடிந்தது அது ஒன்றுதான்.

உதவி செய்யும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் அப்பாயியைக் கேட்டால், "நடந்து வந்த சனம்டா" என்பாள். 1820களில் தொடங்கி, கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்கள் எங்கள் ஆட்கள். பசியிலும் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். இருநூறு வருட நினைவாக 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில், அதே வழியை மறுபடி நடந்து பார்த்தார்கள். அந்தக் காலத்து வழியில் பக்கத்தில் நடப்பவனின் மூட்டையை வாங்கிக்கொள்ளாதவன் ஊர்போய்ச் சேர்ந்திருக்கமாட்டான் என்பது அப்பாயியின் சரித்திரம். அவள் எந்தப் புத்தகமும் படித்தவளல்ல.

ஊர்போய்ச் சேர்ந்த பிறகாவது நிம்மதியா? தோட்டத்துக்குள் வெளியாள் வருவதென்றால் துரையின் அனுமதி வேண்டும். இல்லையென்றால் அத்துமீறல் வழக்கு. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுப்பதே களவு வேலை மாதிரி நடந்த காலம் அது. தொழிற்சங்கம் கட்ட வந்த கோ. நடேசய்யரே துணி வியாபாரியாக வேடம் போட்டுத்தான் தொழிலாளர் லயங்களுக்குள் நுழைந்தார் என்பார்கள். அவரிடம் சேலை விலை கேட்டுப் பேரம் பேசிய பாட்டிகளும் இருந்திருப்பார்கள். கட்டுப்படியாகாத விலைக்கு நாலு சேலையாவது கொடுத்திருக்க வேண்டும், பாவம். எங்கள் பாட்டிகளிடம் பேசி ஜெயித்தவர்கள் இல்லை.

அப்பாயியின் சாதனை வேறு. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. அவர்கள் தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஹட்டன் ஸ்டேஷனில் போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுகிற அழுகை மலைக்குக் கேட்கும். பக்கத்து லயத்துக்காரியை அனுப்பிவைக்கப் போன அப்பாயி, மூட்டை முடிச்சோடு தடுமாறிய வேறு யாரோ ஒரு பெண்ணைப் பார்த்து, "புள்ளையக் குடு, நீ சாமான ஏத்து" என்று வாங்கிக்கொண்டு, வசதியாக இருக்கட்டுமென்று பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கோச்சி புறப்பட்டுவிட்டது. எங்கள் குடும்பம் பிளாட்பாரத்தில் நின்று, கட்டிய சேலையோடு அப்பாயி இந்தியாவுக்குப் போவதைப் பார்த்தது. அன்று அங்கே எழுந்த ஒப்பாரிகளிலேயே எங்களுடையதுதான் பலமானது என்று அப்பா சொல்வார்.

அவள் அடுத்த ஸ்டேஷனான ரொசல்லையில் இறங்கி, தண்டவாளத்தோரமாகவே நடந்து இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். "வண்டி நகர்ந்ததும் குதிக்கிறதுக்கென்ன?" என்று தாத்தா சத்தம் போட்டார். "புள்ள அப்பத்தான் கண்ணசந்துச்சு, எப்பிடி எழும்புறது?" என்றாளாம். அந்தப் பிள்ளைக்கு இப்போது அறுபதை நெருங்கியிருக்கும். கூடலூரிலோ கோத்தகிரியிலோ பஸ்ஸில் யாருடைய மூட்டையையோ மடியில் வைத்துக்கொண்டு போகும்.

சரி, மலைக்கு வருவோம். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை ஹட்டன் எங்களுடையதல்ல, சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களுடையது. கோச்சியில் வந்திறங்கி, நல்லதண்ணிக்கு பஸ் ஏறி, இரவிரவாக 5,000 படிகளுக்கு மேல் ஏறி, 2,243 மீற்றர் உச்சியில் சூரியோதயம் பார்க்க வேண்டும். உச்சியில் உள்ள பாதம் சைவர்களுக்குச் சிவனுடையது, பௌத்தர்களுக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களில் பலருக்கும் ஆதாமுடையது. பாதம் யாருடையதானாலும் ஏறுகிற கால்வலி ஒன்றுதான்.

இந்த மலை ஏறியதில் ஆகக் கொடுத்துவைத்தவர் அந்தக் காலத்துப் பயணி இபுன் பத்தூதா. 1344இல் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, ஆதாம் பாதத்தைப் பார்க்க வேண்டுமென்றார். தமிழ் மன்னர் அதெல்லாம் சுலபம் என்று சொல்லி, ஏறிப்போகப் பல்லக்கு, பல்லக்குத் தூக்க ஆட்கள், வருடாவருடம் மலைக்குப் போய்ப் பழகிய யோகிகள் நால்வர், பிராமணர், அரண்மனை ஆட்கள், சாப்பாட்டுச் சாமான் சுமக்க 15 பேர் என்று ஒரு ஊரையே கூட அனுப்பினார். இபுன் பத்தூதா சங்கிலிகளைப் பிடித்து ஏறிய கதையையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். வேண்டாம், வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னார் என்பதை எழுதவில்லை. என் அனுபவத்தில், நிச்சயம் சொல்லியிருப்பார். வழியில் ஒருதடவை கண்ணை மூடியிருந்தால் நாலு யோகிகளும் என்ன பூசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

எனக்குப் பல்லக்கு இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா இருந்தார். மலையில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் எதிர்ப்படும்போது 'கருணாவை' என்று வாழ்த்திக்கொள்வது வழக்கம். சிங்களக் கூட்டங்கள் அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு போவார்கள். பெரியம்மா பதிலுக்கு "அரோகரா" என்பார். இரண்டு பேரும் திருப்தியோடு பிரிவார்கள். முதல் தடவை ஏறுகிறவர்களைக் 'கோடு' என்பார்கள். கோடுக்காரருக்கு வழியெல்லாம் தனிக் கவனிப்பு உண்டு. குளூக்கோஸ் உருண்டை, பழைய குல்லா, காலுக்குத் தைலம், இன்னும் நிறையப் புத்திமதி. பெரியம்மா பலமுறை ஏறி இறங்கியவராகையால், வழியில் கண்ட கோடுக்காரர்கள் எல்லோரும் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். நிற்காமல் ஏறிய ஒருவரை மடக்கி உட்காரவைத்து இளைப்பாறச் சொன்னார். உட்கார்ந்து இளைப்பாறிய ஒருவரை, உட்கார்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும் என்று எழுப்பிவிட்டார்.

இந்த மலையில் பெரிய உதவி, தூரத்தைப் பற்றியது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் உண்மை சொல்வது பாவம். உச்சியில் தெரியும் விளக்கைக் காட்டி, "இந்தா, கிட்டத்தான்" என்று சொல்ல வேண்டும். தேத்தண்ணிக் கடைக்காரர், இறங்கிவரும் பாட்டி, மதிலில் படுத்திருக்கும் சாது என யாரைக் கேட்டாலும் அதுவே பதில். இரவு முழுக்க நாங்களும் அதை நம்பித்தான் ஏறினோம். சூரியோதயமும் பார்த்தோம்; மேகம் மறைத்த மிச்சத்தைப் பெரியம்மா விவரித்தார்.

விடிந்து இறங்கிவரும்போது, பாதி வழிகூட வந்திராத ஒரு பையன் படியில் குந்தியிருந்தான். கொழும்புப் பக்கம் போல. சப்பாத்து புதிது, முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஆன்ட்டி, இன்னும் எவ்வளவு தூரம்?"

"இந்தா, கிட்டத்தான் தம்பி."

"கீழ எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க. ராத்திரியிலயிருந்து சொல்றாங்க." அவன் குரலில் அழுகை முட்டியது. "உண்மையச் சொல்லுங்க ஆன்ட்டி, நீங்க நெசமாவே மேல போனீங்களா?"

பெரியம்மா கொஞ்சமும் அசரவில்லை. ஊன்றுகோலை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நாங்க போகும்போது கிட்டத்தான் இருந்துச்சு."